கொசப்பேட்டையிலிருந்து கண்டிக்கு

ஞாயிறு

வேலூர் கொசப்பேட்டை வீட்டுப் பரணில் கிடந்த சூட்கேஸ் ஒருவழியாகக் கீழே இறங்கிவிட்டது. 2019 ஏப்ரலில் வாங்கியது. அதே மாதம் 21ஆம் தேதி, ஈஸ்டர் அன்று, கொழும்பில் குண்டு வெடித்தது. இலங்கைக்கு எடுத்திருந்த மே மாதத்து டிக்கெட்டை ரத்து செய்தோம். அடுத்த வருஷம் போகலாம் என்றார் வீட்டுக்காரர். அடுத்த வருஷம் கொரோனா. அது ஓய்ந்து மூச்சு விடும்போது 2022. அங்கே பெட்ரோலுக்கும் கேஸுக்கும் நாள் கணக்கில் வரிசை, ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் ஜனங்கள் குதித்துக் குளித்ததை டிவியில் பார்த்தோம். அது அடங்கியதும் அத்தை பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆகவே இந்த சூட்கேஸ் கடையிலிருந்து பரண்வரைதான் பயணம் போயிருக்கிறது.

இறக்கிப் பார்த்தால் ஜிப் மக்கர். ரன்னர் ஓடுகிறது, பின்னாலேயே பல் பிளந்துகொள்கிறது. பை ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோனால் ஜிப்பையே மாற்றணும் என்பார். மாற்றவே வேண்டாம். பல்லுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ரன்னரின் பின்பக்க உதடுதான் விரிந்திருக்கும். பிளேயரால் ஒரு பக்கம் லேசாக ஓர் அழுத்து, அந்தப் பக்கம் ஓர் அழுத்து. கை மிஞ்சினால் ரன்னர் நகராது, இல்லை உடைந்தே போகும். பிறகு பல் வரிசை முழுக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்து நாலு முறை இழுத்துவிட வேண்டும். தையல் மிஷினில் உட்கார்ந்து காலம் தள்ளுகிறவளுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். படிக்கிற நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள், ஒரு சூட்கேஸ் காசு மிச்சம்.

ஏன் கண்டி என்று தெருவே கேட்கிறது. "சிங்கப்பூர் போலாமே, துபாய் போலாமே, சிலோன்ல இன்னா கீதுன்னு போறீங்க?" நான் பிறந்து வளர்ந்தது பாலாற்றங்கரைப் பக்கம். ஆடு ஓட்டிப்போகிற வழியில் முள் புதருக்கு நடுவே சில கல்லறைகள் இருக்கும். நைனா கைகாட்டுவார், "தோ, கண்டி ராஜா சமாதி. இலங்கையிலேர்ந்து புடிச்சாந்து நம்ம கோட்டையில வச்சிருந்தாங்க." அந்த ராஜா எந்த ஊரை விட்டு வந்தார் என்று ஒருநாள் போய்ப் பார்க்கணும் என்பது அப்போதே மனசில் விழுந்தது. கல்யாணம், பிள்ளை, சீட்டுப் பணம், வீட்டுக் கடன் எல்லாம் முடிந்து இப்போதுதான் வேளை வந்திருக்கிறது.

திங்கள்

மாசி முகூர்த்தம் நெருங்குகிற நேரத்தில் கடையைப் பூட்டுகிற தையல்காரி நானாகத்தான் இருப்பேன். காலையிலிருந்து வாசலில் பஞ்சாயத்து.

"இன்னாக்கா, நீ பாட்டுக்கு கௌம்பிட்டா எங்க அக்கா பொண்ணு ஜாக்கெட்டு?"

"ஆரி வேலை முடிஞ்சி வந்துச்சு, கொக்கி மட்டும்தாம்மா பாக்கி. ராத்திரி வந்து வாங்கிக்கோ."

"வரும்போது எனக்கு இன்னா வாங்கியார?"

எல்லோருக்கும் இதே கேள்விதான். தேயிலைத்தூள் என்று ஒரே பதில் வைத்திருக்கிறேன்.

மத்தியானம் சோறு இறங்கினதும் என் சொந்த வேலை. உள்பாவாடை இடுப்புப் பட்டிக்குக் கீழே, வலது பக்கம், பாஸ்போர்ட் அளவுக்கு லைனிங் துணியில் ஒரு பை. வாய்க்கு சின்ன ஜிப், அடியில் இரட்டைத் தையல். துணி நழுவாமல் இருக்க உள்ளே ஒரு துண்டு கேன்வாஸ் வைத்தேன். அவருக்கு பனியனில் நெஞ்சுக்கு நேராக ஒன்று. போட்டுப் பார்த்துவிட்டு, "மின்வாரியத்துல இருந்தப்போ இது இருந்திருந்தா டெஸ்டர் வச்சிருப்பேனே" என்றார். ஓய்வு பெற்ற போர்மேனுக்கு எல்லாமே கரண்ட் கணக்குதான்.

செவ்வாய்

பையன் பெங்களூரிலிருந்து போனில் டிக்கெட், ஈ.டி.ஏ. (மின்னணுப் பயண அனுமதி) எல்லாம் சரிபார்த்தான். இலங்கைக்குப் போக தூதரகத்தில் போய் நிற்க வேண்டியதில்லை, இணையத்தில் விண்ணப்பித்தால் ஈ.டி.ஏ. அனுமதி மின்னஞ்சலிலேயே வந்துவிடுகிறது. பாஸ்போர்ட்டும் அன்றைக்கு நம் தலைமைத் தபால் நிலையத்திலேயே எடுத்ததுதான், சென்னைக்கு அலையவில்லை.

தலைவலி பெயரில்தான். நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். விமானக் கம்பெனியின் படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. ஆதாரில் இனிஷியல் முன்னால், ரேஷன் கார்டில் பின்னால், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியாகிவிட்டது. இத்தனையும் ஒரே ஆள்தான் என்று ஒரு கம்ப்யூட்டரை நம்பவைக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்து, அதே வரிசை டிக்கெட்டிலும் இருக்கணும், மற்ற எந்த அட்டையும் விமான நிலையத்தில் உதவாது என்று பையன் அடித்துச் சொன்னான். முதன்முறை போகிறவர்கள் இதை மட்டுமாவது மனசில் வையுங்கள். மீதியை எல்லாம் வழியில் கேட்டுக்கொள்ளலாம்.

புதன்

பணம் மாற்ற காந்தி ரோட்டுக்குப் போனோம். எனக்கு இந்தத் தெருவில் நடப்பது எப்போதுமே பிடிக்கும், மனசுக்குக் கஷ்டமாகவும் இருக்கும். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே தொடங்கினால் வரிசையாக லாட்ஜ். போர்டெல்லாம் வங்காளத்தில். மீன் குழம்பு ஓட்டல், ஸ்கேன் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கிற கடை, பிளாஸ்டிக் வாளியும் ஸ்டவ்வும் வாடகைக்கு விடுகிற கடை. கொல்கத்தா, திரிபுரா, அசாம், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து மாதக்கணக்கில் ரூம் எடுத்துத் தங்கி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, டோக்கன் கூப்பிடுகிறவரை காத்திருக்கிறார்கள். 1900ல் ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய இடம் இது.

அதனால்தான் எங்கள் ஊரில் நோட்டு மாற்றும் கடைக்குப் பஞ்சமே இல்லை. கவுண்டரில் எனக்கு முன்னால் ஒரு தாடிக்காரர், பக்கத்தில் முக்காடு போட்ட பெண். கையில் டாக்கா நோட்டுக் கட்டு, மருந்துக் கவர். அவர் எண்ணி எண்ணி வாங்கினார். இந்தியாவில் வந்து இறங்கிய முதல் நாள் இவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். இவருக்கும் இது வெளிநாட்டுப் பயணம்தான். வேலூருக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் ரொம்பக் கம்மி. ஜெயிலுக்கு வந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஊர் சுற்ற என்று கிளம்பி இவர் பின்னால் வரிசையில் நிற்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

இலங்கை ரூபாய் இங்கே கிடைக்காது, டாலராக எடுத்துப்போய் கட்டுநாயக்க விமான நிலையத்தில் மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். பான் கார்டு நகல் வாங்கிக்கொண்டு புது நோட்டுகளாகக் கொடுத்தார். பனியன் பைக்கு வேலை வந்தது.

வியாழன்

அத்தையைக் குடியாத்தத்தில் நாத்தனார் வீட்டில் விட்டு வந்தோம். பஸ்ஸில் வழியெல்லாம் ஒரே சாங்கியம். கடல் தாண்டுகிறவர்கள் வெறுங்கையோடு போகக் கூடாதாம், கதிர்காமத்து முருகனுக்கு ஒரு கொப்பரைத் தேங்காய் எடுத்துப்போகணுமாம். கொப்பரையில் எண்ணெய்ச் சத்து அதிகம், தீப்பிடிக்கும் என்று விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அதுவும் இல்லாமல் நாங்கள் கதிர்காமம் போகவே இல்லை என்று சொன்னேன். 

"சாமி ஊருக்குப் போய்னு சாமிக்குத் தேங்கா எடுத்துனு போக வாணாம்னு சொல்றவன் எவன்?"

"கவர்மெண்டுதான் அத்தை."

அதற்குப் பிறகு பள்ளிகொண்டா தாண்டும்வரை பேசவில்லை. இறங்கும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனுக்கு மாத்திரைய நீயே எடுத்துக் குடு, அவன் கையில குடுக்காத" என்றார். அறுபது தாண்டிய பிள்ளைக்கு.

வெள்ளி

பெட்டியை எடை போடணும். மண்டித் தெருவில் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்தோம். கடைக்காரர் சூட்கேஸைப் பார்த்து, "இன்னா ரேட்டுக்குண்ணே?" என்றார். சிரித்து முடித்து எடையைப் பார்த்தால் கணக்குக்குள்தான் இருந்தது. வீட்டுக்காரருக்குத் திருப்தி இல்லை, இட்லிப் பொடியை எடுத்து வெளியே வைத்தார். நான் திரும்ப உள்ளே வைத்தேன்.

சாயந்திரம் முத்து மண்டபம், அந்தக் கண்டி ராஜா சமாதி இருக்கும் இடம். புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்தான், ஆனால் உள்ளே போய் வருஷமாகிறது. 1990ல் அரசாங்கம் கட்டியது. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை, நானாகக் கழற்றினேன்.

எங்கள் ஊரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பேச்சு உண்டு. ஆறு உண்டு தண்ணி இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை என்பார்கள். ராஜா இருந்தார், கோட்டைதான் அவருடையதில்லை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், இளமைப் பெயர் கண்ணுசாமி. தமிழ் பேசிய நாயக்கர் வம்சத்தார். 1798ல் பதினெட்டு வயதுப் பையனாகக் கண்டியில் பட்டத்துக்கு வந்தார். பிரதானிகளோடு பகை முற்றியது, சந்தேகப்பட்டவர்களுக்கு அவர் கொடுத்த தண்டனைகளும் கொடூரமானவை, நல்லவர் என்று பூசி மெழுக முடியாது. வெள்ளைக்காரன் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டான். 1815 பிப்ரவரி 18ல் ராஜா பிடிபட்டார். மார்ச் 2ல் பிரதானிகள் கையெழுத்துப் போட்டு ராஜ்ஜியத்தையே ஒப்படைத்தார்கள். மறு வருஷம் குடும்பத்தோடு கப்பலேற்றி மதராசுக்கு, அங்கிருந்து வேலூருக்கு. கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806 கலகம் நடந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. அங்கே காவலில் இருந்த திப்பு குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பியிருந்தார்கள், கோட்டையில் ராஜ கைதிக்கு இடம் காலியாக இருந்தது. பதினாறு வருஷம் இந்தக் கோட்டையில் இருந்து, 1832 ஜனவரி 30ல் உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய் வந்து இறந்துபோனார். கண்டி மகால் என்று ஒரு கட்டடம் இன்னமும் கோட்டைக்குள் நிற்கிறது. தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் வாக்கிங் போகிறோம்.

"அம்பத்திரண்டு வயசுல போய்ட்டாரு. உன் வயசு" என்றார் வீட்டுக்காரர். வாயில் நல்ல வார்த்தையே வராது.

மண்டபத்துக்குப் பின்னால் ஆறு. மணலும் சீமைக் கருவேலமும். மலை ஊரில் வாழ்ந்தவருக்கு எங்கள் சித்திரை வெயில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனி

விடியற்காலை கார் வந்தது. டிரைவர் தம்பி ஏறினதுமே, "அப்துல்லாபுரம் ஏர்போர்ட் ஓப்பன் ஆய்ட்டா அக்கா, நீங்க பத்து நிமிசத்துல பிளைட் ஏறலாம்" என்றார். 1934ல் போட்ட ஓடுபாதை அது. புதுப்பித்துக் கட்டடமெல்லாம் கட்டியாகிவிட்டது, நான் இதை எழுதுகிறவரை பயணிகள் விமானம்தான் வரவில்லை. ஆகவே நேர் எதிர்த் திசையில், சென்னைப் பக்கம்.

மேல்விஷாரம் தாண்டும்போது தேநீர்க் கடைகள் திறந்திருந்தன. பாலாற்றுப் பாலத்தில் மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது, ராணிப்பேட்டை தோல் ஷாப் நெடி. முன்தினமே ஆற்காடு மக்கன் பேடா வாங்கி சூட்கேஸில் வைத்துவிட்டேன். ஜீரா சொட்டும் பண்டம், கைப்பையில் வைத்தால் தண்ணீர்க் கணக்கில் தூக்கிப் போடுவார்கள். காவேரிப்பாக்கம் ஏரி இன்னும் நிறைந்திருந்தது. பல்லவன் நந்திவர்மன் காலத்து ஏரி. சாலை அகலப்படுத்துகிற வேலை எந்தக் காலத்தில் முடியுமோ, அங்கங்கே ஒற்றை வழியில் ஊர்ந்தோம்.

விமான நிலையத்தில் அவருக்கு ஒரே ஒரு சண்டை, பவர் பேங்க் பெரிய பெட்டியில் போகக் கூடாது, கையில்தான் இருக்கணும் என்றார்கள். "லித்தியம் பேட்டரி, நியாயந்தான்" என்று தானே விளக்கமும் சொல்லிவிட்டு எடுத்துக் கொடுத்தார். குடியேற்றக் கவுண்டரில் இளம் அதிகாரி. எங்கே, எதற்கு, எத்தனை நாள் என்று கேட்டார். "கண்டி பார்க்க" என்றேன். கடவுச்சீட்டில் டொக்கென்று முத்திரை விழுந்தது. 2019லிருந்து வெள்ளையாகக் கிடந்த பக்கம்.

பறக்கிற நேரம் ஒன்றரை மணிக்கும் குறைவு. காட்பாடியிலிருந்து சென்ட்ரலுக்கு ரயில் ஏறினால்கூட அதைவிட அதிகம் ஆகும். கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டுக் கையைத் துடைப்பதற்குள் பெல்ட் போடச் சொன்னார்கள். கீழே தென்னை, தென்னை, தென்னை. வாட்சைத் திருப்பப் போனவரை நிறுத்தினேன். 2006லிருந்து அவர்கள் மணியும் நம் மணியும் ஒன்றுதான்.

டாலரை மாற்றினோம். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே சுமார் மூன்றரை ரூபாய். கட்டு கட்டாக வாங்கிப் பையில் திணிக்கும்போது பணக்காரி ஆன மாதிரி இருந்தது, முதல் தேநீர் பில் வருகிறவரை. ராத்தங்கல் நீர்கொழும்பில். விருந்தினர் விடுதி அம்மாளுக்குத் தமிழ் நன்றாகவே வந்தது. மக்கன் பேடாவை அவர் கையில்தான் கொடுத்தோம், வெறுங்கையோடு போகவில்லை என்று அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். வீட்டுக்காரர் அதற்குள் சுவர் பிளக்கெல்லாம் பார்த்து முடித்திருந்தார். "இது சதுர முள்ளு, அது நம்ம ஊரு உருண்டை முள்ளு. ரெண்டும் வச்சிருக்கானுங்க" என்று கொண்டுவந்த அடாப்டரை ஒரு கர்வத்தோடு எடுத்தார்.

ஞாயிறு

காலையில் இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். சம்பலில் மாசிக் கருவாடு இருந்ததை அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னேன், இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். கொழும்பு கோட்டை நிலையத்தில் ரயில். ஊர்ப் பெயர் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும். தண்டவாளம் நம் அகலப்பாதைதான், 1867லேயே கண்டிவரை போட்டுவிட்டார்கள். ரம்புக்கனை வரை வயலும் தோப்பும், அதன்பிறகு ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறது. குகை வருகிறபோதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். நாங்களும் கத்தினோம்.

கண்டியில் இறங்கினதும் குளிர் காற்று. ஏரிக்கரையில் நடந்தோம். ஊருக்கு நடுவே இருக்கும் இந்த ஏரியை வெட்டியவர் நம் முத்து மண்டபத்து ராஜாதான். வேலைக்கு இழுத்துவரப்பட்ட ஜனங்கள் சபித்துக்கொண்டே வெட்டினார்கள் என்று படித்திருக்கிறேன். புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயிலான தலதா மாளிகை முகப்பில் எட்டுப் பக்க மண்டபமும் அவர் கட்டியதே. ஏரியைச் சுற்றி மேக வடிவத்தில் ஒரு வெள்ளைக் கைப்பிடிச் சுவர், முக்கோண மாடங்கள் வைத்து. கிட்டே போய்ப் பார்த்தேன். வளைவு வளைவாக ஓடி வந்து ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. கட்டி முடிப்பதற்குள் 1815 வந்துவிட்டது. ஓரம் அடிக்காமல் விட்ட துணி எனக்குக் கண்ணை உறுத்தும், இதுவும் உறுத்தியது. தொட்டுப் பார்த்தேன், சுண்ணாம்பு கையில் ஒட்டியது.

கால் வலித்ததால் விடுதிக்கு ஆட்டோ பிடித்தோம். ஓட்டுகிறவர் மலையகத் தமிழர்.

"எந்த ஊருங்க?"

"வேலூர்."

எனக்குள் ஒரு ஆர்வம், ராஜா பெயரைச் சொல்வார் என்று. அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பினார்.

"ஆஸ்பத்திரி இருக்கிற வேலூரா? எங்க சித்தப்பாவுக்கு அங்கதானுங்க நெஞ்சு ஆபரேசன். இப்ப மச்சானுக்கு கிட்னி. பதிஞ்சு வைக்கிறது எப்பிடி? ரூமு எம்புட்டு ஆகும்?"

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். இணையத்தில் பதிவது எப்படி, காட்பாடியில் இறங்கி எந்தப் பஸ் ஏறுவது, காந்தி ரோட்டில் சமையல் வசதியுள்ள ரூமை முன்பணம் கட்டாமல் பார்த்து எடுப்பது எப்படி என்று அவருடைய டிக்கெட் புத்தகத்தின் பின்னட்டையில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரர் தன் போன் நம்பரையும் கீழே போட்டார். வந்தால் ஸ்டேஷனுக்கே வருகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டார். அவர் கும்பிட்டார், தழுதழுத்தார், விடுதி வாசல்வரை கொண்டுவந்து பெட்டியைக்கூட இறக்கி வைத்தார்.

வாடகையில் மட்டும் பத்து ரூபாய் குறைக்கவில்லை.